எங்கே கண்டாய் என்று எழுதி வை

அன்புள்ள முத்துவுக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் பெரியப்பாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி கடைத்தெரு வரை நடந்து போய் வந்துகொண்டுதான் இருக்கிறார். நீ ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று உன் அம்மா என்னைக் கேட்கிறாள். நீ வாட்ஸப்பில் எனக்கு அனுப்புகிற சமாச்சாரங்களுக்குக் கீழே நேரம் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தாலே தெரிகிறது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்: தூக்கம் கெட்டால் கண் கெடும், கண் கெட்டால் பிறகு எதைத் தேடிப் பார்ப்பாய்?

அனுப்புவதை நிறுத்து என்று சொல்ல இதை எழுதவில்லை ராசா. அனுப்பு. காலையில் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து நீ அனுப்பியதைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். ஆழ்கடல் மீன், யாரோ கட்டிய சாய்ந்த வீடு, எந்த ஊரிலோ நூறு வருஷமாக ஓடும் கடிகாரம் என்று உன் கண்ணில் படாதது இல்லை. இணையத்தில் இப்படி அலைந்து திரிகிற பிள்ளைகளை வீணாய்ப் போகிறவர்கள் என்று சொல்கிற பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். துண்டு துணுக்குகள் மேல் வருகிற ஆசைதான் பல பேருக்குப் படிப்பில் ஆசையாக மாறியிருக்கிறது. வகுப்பில் அறிவியல் நடத்திய காலமெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பாடத்தில் இல்லாத கேள்வி கேட்கிற பிள்ளையின் முகமே தனி.

எனக்குள்ள கவலை வேறு. "இதை எங்கேடா பார்த்தாய்?" என்று கேட்டால், "எங்கேயோ வந்துச்சு பெரியம்மா" என்கிறாய். ஒவ்வொரு தடவையும் அதே பதில். அந்த "எங்கேயோ வந்துச்சு" என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு வெண்கல மணியின் படம் அனுப்பினாய். நியூசிலாந்தில் கிடைத்த சோழர் மணி, கேப்டன் குக்குக்கு முன்பே தமிழன் அங்கே போய்விட்டான், பகிருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. மணி உண்மையான மணி. அதைச் சுற்றிக் கட்டியிருந்த கதையில்தான் கோளாறு. உனக்காக உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். நீ தேடியிருந்தால் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

1836 வாக்கில் வில்லியம் கோலென்சோ என்ற பாதிரியார், நியூசிலாந்து வட தீவில் ஃபாங்கரேய் பக்கத்து மாவோரி மக்களிடம் அதைப் பார்த்திருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் அதைத் தலைகீழாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேருக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். கோலென்சோவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அச்சுத் தொழில் தெரிந்தவர், 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர், செடிகொடி ஆராய்ச்சியும் உண்டு. எழுத்தோடு பழகியவர் என்பதால், மணியின் மேல் தெரிந்த கோடுகள் எழுத்து என்று கண்டுகொண்டிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு மணி அந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத சின்ன மணி. விளிம்பு உடைந்து போயிருக்கிறது.

மணியில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று. அவ்வளவுதான். சோழனும் இல்லை, புலிக்கொடியும் இல்லை. ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரர், தன் கப்பலுக்கு மணி வார்க்கும்போது தமிழில் பேர் பொறித்திருக்கிறார். நாகப்பட்டினம், நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் கரையெல்லாம் மரைக்காயர்கள் கப்பல் ஓட்டியதும் கீழை நாடுகளோடு வியாபாரம் செய்ததும் வரலாறு. அந்தக் கப்பலே அங்கே போனதா, கப்பல் எங்கோ உடைந்து மரத்துண்டோடு மணி ஒதுங்கியதா, கை மாறிக் கை மாறி யாராவது கொண்டு சேர்த்தார்களா, இதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை.

இப்போது சொல், எது பெரிய கதை? அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்த வெற்றுப் பெருமையா, இல்லை நம் கரையில் வாழ்ந்த ஒரு கப்பல்காரரின் பேர் உலகத்தின் மறுமுனையில் உருளைக்கிழங்கு வெந்த பாத்திரத்தின் மேலிருந்து வெளிவந்ததா? சோழன் பேரைப் போட்டவர் முகையதீனின் பேரை அழித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். மணியில் தெளிவாகப் பேர் பொறித்து வைத்திருக்கும் மனிதரிடமிருந்து அந்த மணியைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பது நியாயமா? நீ அனுப்பினாய், நான் படித்தேன், உன் சித்தப்பா தன் குரூப்பில் போட்டார். இப்படித்தான் அது ஊர் சுற்றுகிறது.

தீபாவளிக்கு வருஷம் தவறாமல் ஒரு படம் வருமே, இந்தியா முழுக்கப் பல நிறத்தில் வெளிச்சம் பூத்த மாதிரி, நாசா விண்வெளியிலிருந்து எடுத்த தீபாவளி என்று? அது தீபாவளிப் படமே இல்லை. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருஷம் ராத்திரியில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்து, 2003இல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற அறிஞர் செய்த படம் அது. வெள்ளையாகத் தெரிவது 1992க்கு முன்பே விளக்கு இருந்த இடம். நீலம் 1992இல் வந்தது, பச்சை 1998இல், சிவப்பு 2003இல். ஊர் எப்படிப் பெருகியது, மின்சாரம் எங்கெங்கே எட்டியது என்று ஒரே படத்தில் சொல்லியிருக்கிறார். இதை நாசாவே 2012இல் விளக்கி எழுதியது. மத்தாப்பு வெளிச்சம் அத்தனை உயரத்துக்குப் பெரிதாகத் தெரியாது என்றும் சொன்னார்கள். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகத்திலேயே சிறந்தது என்று அறிவித்ததாக வருவதும் இதே ரகம்தான். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. நம் கீதத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

ஆகையால் நான் உன்னிடம் கேட்பது ஒரு சின்னப் பழக்கம். உனக்கு இது புதிதும் இல்லை. உன் தாத்தா பழைய கணக்கு நோட்டு ஒன்றில் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி மைதாப் பசை தடவி ஒட்டி வைத்திருப்பாரே, சின்ன வயசில் நீ அவர் மடியில் உட்கார்ந்து பக்கம் புரட்டியிருக்கிறாய், நினைவிருக்கும். ஒவ்வொரு துணுக்குக்குக் கீழேயும் பென்சிலால் பத்திரிகையின் பேரும் தேதியும் எழுதியிருப்பார். தேதி இல்லாத துணுக்கை அவர் ஒட்டியதே இல்லை. "ஊர் பேர் தெரியாதவனை வீட்டுக்குள் விடுவியா?" என்று எங்களைக் கேட்பார். சலூன் கடையில் கிடைத்த கிழிந்த பக்கமானாலும் அது எந்தப் பத்திரிகை என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் வருவார்.

நீயும் ஒரு நோட்டு போடு. செல்போனிலேயே வைத்துக்கொண்டாலும் சரிதான். பிடித்த ஒன்றைப் பார்த்தால் அது என்ன, எந்தத் தளத்தில் பார்த்தாய், என்றைக்குப் பார்த்தாய், இதை முதலில் சொன்னது யார் என்று எழுது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீரைத் தொடும்வரை கயிறு விடத்தான் வேண்டும். பாதியில் இழுத்தால் வெறும் வாளிதான் மேலே வரும். படத்தை வைத்தே படத்தைத் தேடுகிற வசதி உன் செல்போனில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்து, முதலில் வெளியிட்டவர் வரைக்கும் போ. அருங்காட்சியகமோ, ஆராய்ச்சியாளரோ, படம் எடுத்தவரோ, யாராவது ஓர் ஆள் அங்கே இருப்பார். அந்த ஆள் வரைக்கும் போய்விட்டாயானால், பிறகு நீ எனக்கு அனுப்புவது வேறு மாதிரி இருக்கும்.

பத்து துணுக்கை ஒரு நிமிஷத்தில் தள்ளிக்கொண்டு போவதைவிட ஒன்றில் கொஞ்சம் நின்று பார். நிற்பது என்றதும் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லவேண்டும், நீ இதுவரை அனுப்பாதது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தாமஸ் பார்னெல் என்ற இயற்பியல் பேராசிரியர் 1927இல் மாணவர்களுக்கு ஒன்றைக் காட்ட நினைத்தார். தார் மாதிரியான கருங்கீல் பார்வைக்குக் கல், சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். ஆனால் அது ஒரு திரவம். அதைக் காய்ச்சி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றி, அது சரியாகப் படிவதற்கு மூன்று வருஷம் விட்டு வைத்து, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். அன்று முதல் அது சொட்டுகிறது. ஒரு சொட்டு விழச் சுமார் எட்டு வருஷம், பிற்பாடு இன்னும் கூடுதல். 2014 வரை ஒன்பது சொட்டு.

பார்னெலுக்குப் பிறகு 1961 முதல் ஜான் மெயின்ஸ்டோன் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு சொட்டு விழுவதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. 1988இல் ஏதோ குடிப்பதற்கு எழுந்து போன சில நிமிஷத்தில் விழுந்துவிட்டது. 2000இல் கேமரா வைத்தார்கள், அந்த நேரம் பார்த்துக் கேமரா பழுதானது. 2013 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில் விழுந்தது. அதற்கு முந்தின வருஷம் ஜூலையில், டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இதே மாதிரி வைத்திருந்த ஒன்றில் சொட்டு விழுவதை முதல் தடவையாகப் படம் பிடித்துவிட்டார்கள். பிரிஸ்பேன் சோதனையை இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம். நான் சில சமயம் திறந்து பார்ப்பேன், ஒன்றும் நடக்காது. ஆனாலும் பார்க்கப் பிடித்திருக்கிறது. ஒரு மனிதர் அரை நூற்றாண்டு ஒரு புனலுக்குக் காவல் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அவர் பார்க்கவில்லை என்பதால் அவர் செய்தது வீண் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அந்தச் சோதனையை வைத்துத்தான் கருங்கீலின் பாகுத்தன்மை எவ்வளவு என்று தண்ணீரோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார்கள்.

நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் உன் நோட்டில் சேர்த்துக்கொள். நேரலைக் கேமராவே எப்படி வந்தது தெரியுமா? கேம்பிரிட்ஜில் கணினி ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு காபிப் பானை. வேறு மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். அதனால் 1991இல் பானைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, அவரவர் கம்ப்யூட்டரிலேயே காபி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. உலகமெல்லாம் அந்தப் பானையைப் பார்த்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள்.

நிறுத்தினார்கள் என்று எழுதும்போதுதான் அடுத்த கவலை வருகிறது. இணையத்தில் போட்டால் என்றைக்கும் இருக்கும் என்று உன் வயசுப் பிள்ளைகள் நம்புகிறீர்கள். இருக்காது ராசா. ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. 1990களில் லட்சக்கணக்கான பேர் அதில் தங்களுக்கென்று பக்கம் வைத்திருந்தார்கள். சொந்த ஊர் பற்றி, பூனை பற்றி, பாட்டி சொன்ன வைத்தியம் பற்றி, மனசுக்குத் தோன்றியதை எல்லாம் எழுதி வைத்தார்கள். யாஹூ அதை வாங்கியது, 2009இல் மூடிவிட்டது. தன்னார்வலர்கள் ராப்பகலாக உட்கார்ந்து முடிந்த மட்டும் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். அன்றைக்குத் தமிழில் எழுதியவர்கள் பக்கங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்துத் தட்டினார்கள். அந்த எழுத்துரு உன் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் இன்று வெறும் கிறுக்கலாகத் தெரியும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் குப்பை என்று மூடிவிடாதே. அதை யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இருக்கின்றன. போட்டுப் பார், யாரோ ஒருவர் பேச ஆரம்பிப்பார்.

சான் பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஒன்றைத் தொடங்கினார். அங்கே வேபேக் மெஷின் என்று இருக்கிறது. செத்துப்போன இணைப்பை அதில் போட்டால் பழைய பக்கம் பல சமயம் கிடைக்கும். கிடைக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதே. உனக்குப் பிடித்த பக்கத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி நீயே கொடுக்கலாம், காசு வேண்டாம். நல்லதைப் பார்த்தவன் அதை அடுத்தவனுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பல நாட்டில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981இல். 2005இல் ஈழத்து நூல்களைத் தேடித் தேடி இணையத்தில் சேர்க்க நூலகம் என்ற திட்டம் வந்தது. உள்ளே போனால் கோயில் மலர், பள்ளிக்கூட மலர், சின்னச் சின்னச் சஞ்சிகை என்று எவ்வளவோ கிடக்கிறது. உன்னைப் போல் அலைந்து பார்க்கிறவனுக்கு அது திருவிழாக் கடைத்தெரு.

நம் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசு வராது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். இணையம் என்ற பேச்சே இல்லாத நாளில், சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் வாங்கி வாங்கிச் சேர்த்தார். புத்தகம் மட்டும் இல்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம், படித்து முடித்ததும் எல்லோரும் கீழே போடுகிற காகிதம் எதுவானாலும் அவருக்கு வேண்டும். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை, பெரிய பணக்காரரும் இல்லை. 1992இல் அவர் இறக்கும்போது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல், 1994இல் சென்னையிலேயே அவர் பேரில் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. இன்று தமிழ்நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அங்கே போய் உட்காராமல் எழுத முடியாது. அந்தக் காலத்து நாடகத்தில் யார் நடித்தார்கள், எந்த ஊரில், டிக்கெட் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் அந்த நோட்டீஸ்தானே சாட்சி?

அவர் வைத்திருந்ததும் துண்டு துணுக்குதான், நீ பார்ப்பதும் துண்டு துணுக்குதான். அவர் சேர்த்தார், அடுக்கினார், பிறர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார். நீ கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறாய். உன்னைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. உன் கண் நல்ல கண், நல்லதைத்தான் பொறுக்குகிறது. பொறுக்கியதை வைக்கவும் ஓர் இடம் வேண்டுமே என்கிறேன்.

இன்னொன்று. அனுப்பினால் எனக்கு மட்டும் அனுப்பாதே. உன் அம்மாவிடம் போனில் பேசும்போது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு வைத்துவிடுகிறாயாம். இந்தப் புனல் கதையை அவளுக்குச் சொல். அவளும் கேட்பாள், அவளுக்கும் ஆசைதான். லிங்க் அனுப்பினால் அவள் திறக்கமாட்டாள். உன் வாயால் சொல்ல வேண்டும். ஒன்றை ஒருத்தருக்கு வாயால் சொல்லும்போதுதான் அது நமக்கு எவ்வளவு தெரியும், எங்கே ஓட்டை இருக்கிறது என்று புரியும். பாடம் நடத்திப் பழகினவள் சொல்கிறேன்.

பொடியும் வடகமும் சனிக்கிழமை வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வடகத்தை வெயிலில் ஒரு தடவை காட்டிவிட்டு டப்பாவில் போடு. ராத்திரி பதினொன்றுக்கு மேல் செல்போனைத் தலைமாட்டில் வைக்காதே, தள்ளி வை.

நீ இருக்கிற வேளச்சேரிக்கும் தரமணிக்கும் எவ்வளவு தூரம்? ரோஜா முத்தையா நூலகம் அங்கேதான் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைப் போன் செய்து கேட்டுக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டாவது போய்வா. பழைய நோட்டீஸ் ஏதாவது ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அது எந்த ஊர், எந்த வருஷம், அடித்த அச்சுக்கூடம் எது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது. வாட்ஸப்பில் வேண்டாம், கடிதமாக எழுது.

அன்புடன்,
பெரியம்மா